எல்லாம் ஒரிஜினல்

முதலில் மோந்து பார்க்க வேண்டும்.
கண்ணெல்லாம் அப்புறம்.
டிரான்ஸ்ஃபார்மர் ஒருமுறை கருகியிருந்தால்
எத்தனை வருஷமானாலும்
வெந்த அரக்கின் நெடி மரப்பெட்டியை விட்டுப் போகாது.
லிங்கராஜபுரத்தில், மேம்பாலத்தை ஒட்டிய சந்தில்,
சௌரிராஜ் வீட்டு இரண்டாம் மாடியில்
குனிந்து மூக்கை வைத்தேன்.
கஞ்சி வாசனை.
இரண்டு வருஷமாய் அதன்மேல்தான்
இஸ்திரி போட்டிருக்கிறார்கள்.

"எல்லாம் ஒரிஜினல்" என்றார்
நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

மேல்பலகையில் வட்டமாய் ஒரு வெள்ளைத் தழும்பு.
"மணிபிளான்ட் தொட்டி" என்றாள் மருமகள்.
அவர் அவளைப் பார்த்த பார்வையிலேயே
விலையில் ஆயிரம் இறங்கிவிட்டது.

பிளக்குக்கு இரண்டே கால். எர்த் கிடையாது.
தந்தியில் விரலும் மைக்கில் உதடுமாய் நின்றால்
என்ன நடக்கும் என்பதை
கம்மனஹள்ளி ரிசப்ஷன் ஒன்றில்
என் மேலுதடு படித்திருக்கிறது.

பின்பலகையில் ஆறு திருகாணி.
நான்கில் துரு, இரண்டு பளபளப்பு.
யாரோ அவசரமாய் உள்ளே போய்வந்திருக்கிறார்கள்.
நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்,
ஆபரேஷன் தியேட்டருக்குள் தெரியாமல்
விடப்பட்ட சொந்தக்காரர் மாதிரி.

ஒரு கை பாக்கெட்டில் இருக்க வேண்டும். எப்போதும்.
சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும்
கெப்பாசிட்டருக்குள் முந்நூறு நானூறு வோல்ட்
லீஸ் முடிந்தும் காலி செய்யாத குடித்தனமாய்
உட்கார்ந்திருக்கும்.
ரெசிஸ்டர் வைத்து மெதுவாக வடித்தேன்.
மீட்டரில் எண்கள் படியிறங்கின.

நான்கு வால்வில் ஒன்றின்மேல் மட்டும் வேறு நாட்டு எழுத்து.
ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது,
புளித்த மாவு மூடியைத் தள்ளுவதுபோல.
ஸ்பீக்கர் கூம்பில் விரல்நீளக் கிழிசல்,
அதை ஒட்டியிருந்தது
சிவப்பு நெயில் பாலிஷ்.

"இது?" என்றேன். கேட்டிருக்க வேண்டாம்.

"பேண்டில் ஒருத்தி இருந்தாள்.
மேடையேறப் பத்து நிமிஷம்.
ஒட்ட வேறு எதுவும் கிடைக்கவில்லை."
மருமகள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.
அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"அதுவும் ஒரிஜினல்தான்."

உப்பிய தலையைக் கண்ட பிறகு
சுவிட்சைத் தொடவே கூடாது. தெரியும்.
ஆனால் கிட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு
இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன்.
கிட்டாரைச் செருகாமல் முதலில் வெறும் இரைச்சல்;
ஒரு ஹம், பொறுத்துக்கொள்ளலாம்.
பென்சிலின் பின்முனையால் வால்வுகளைத் தட்டினேன்.
மூன்று பேசாமல் இருந்தன.
அந்நிய எழுத்துக்காரன் மட்டும் மணியடித்தான்.
வால்யூம் குமிழைத் திருக
சரளைக்கல்லில் செருப்பு தேய்ந்தது.

பிறகு ஒரு ஈ மைனர்,
ஆறு தந்தியும் திறந்து.

அது அறையை நிறைத்துக்கொண்டிருந்த போதுதான்
கரன்ட் போனது.
பக்கத்து வீட்டு சீரியலில் ஒருத்தியின் அழுகை
பாதியில் அறுந்தது.
தெருவிளக்கும் அணைந்தது.
இது நிற்கவில்லை.
உள்ளே சேர்த்துவைத்திருந்ததைச் செலவழித்து
நான்கு விநாடி, ஐந்து விநாடி,
கரகரத்து, கிறங்கி,
கார்டை இழுத்துப் பிடித்துக்கொண்டே போய்
எங்கே முடிந்ததென்று தெரியாமல் முடிந்தது.
வால்வுகள் மட்டும் இன்னும் கொஞ்சம்
ஆரஞ்சாய், செம்பாய், அப்புறம் இல்லாமல்.

யாரும் மெழுகுவர்த்தி தேடவில்லை.

"நாற்பத்தைந்து" என்றது இருட்டு.
என் கையில் ஐந்து குறைகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை கழிக்கலாம்.
இரண்டு கால் பிளக்கைச் சொன்னேன்.
மணியடிக்கும் வால்வைச் சொன்னேன்.
உப்பிய தலையைக் கொஞ்சம் பெரிதாக்கியே சொன்னேன்.
கிழிசலைச் சொல்லவில்லை.

முப்பத்தெட்டில் நின்றது.
கீழே கூட்ஸ் ஆட்டோ பாபாஜான்
மூன்றாம் தடவையாக ஹாரன் அடித்தான்.
படியிறக்கும்போது முன்பக்கத்தைத் தானே பிடிப்பேனென்று
சௌரிராஜ் பிடிவாதம் பிடித்தார்;
ஒவ்வொரு திருப்பத்திலும்
"மெதுவா, மெதுவா" என்றார்.
என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

வழியில் வண்டியை நிறுத்தி
மூன்று கால் பிளக் ஒன்று வாங்கினேன்.